வோல்டேஜ் ஏற்றினால் ப்ராசஸர் தேயுமா?

தேயும். அதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு வேகமாகத் தேயும், சிப்பில் எந்த இடம் தேயும், தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் குழப்பம். “1.4 வோல்ட் வரை பயப்பட வேண்டாம்” என்று ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பலர் ஓவர்க்ளாக் செய்கிறார்கள், அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டுகிறார்கள். அது எந்தத் தலைமுறைச் சிப், அந்த வோல்டேஜில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது, கோர் எத்தனை டிகிரியில் இருக்கிறது, நாளுக்கு எத்தனை மணி நேரம் அப்படி ஓடுகிறது என்ற நான்கும் தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஓவர்க்ளாக் பேச்சில் அடிக்கடி அடிபடுவது எலெக்ட்ரோமைக்ரேஷன். சிப்புக்குள் டிரான்சிஸ்டர்களை இணைக்கும் கம்பிகளில் மெல்லியவை சில பத்து நானோமீட்டர் அகலம்தான் இருக்கும். மின்சாரம் அடர்த்தியாகப் பாயும்போது எலெக்ட்ரான்கள் அந்தக் கம்பியின் உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஓரிடத்தில் கம்பி மெலிந்து மின்தடை கூடும், முற்றினால் அறுந்துபோகும். அணுக்கள் போய்க் குவியும் இடத்தில் பக்கத்துக் கம்பியோடு தொட்டுக்கொள்ளவும் வாய்ப்புண்டு. இதற்கான கணக்கை 1960-களின் கடைசியில் ஜேம்ஸ் பிளாக் எழுதினார். அவர் சமன்பாட்டில் கம்பியின் ஆயுள் மின்னோட்ட அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். சூடு ஏறினால் அதைவிட வேகமாக, அடுக்குக்குறியில் குறையும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும். 4.8 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடிய சிப்பை 5.2 கிகாஹெர்ட்ஸுக்கு 1.35 வோல்ட் கொடுத்து ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் இழுக்கும் பவர், வோல்டேஜின் வர்க்கத்தையும் ஃப்ரீக்வென்ஸியையும் பெருக்கிய அளவில் ஏறும். வோல்டேஜால் 1.27 மடங்கு, ஃப்ரீக்வென்ஸியால் 1.08 மடங்கு, இரண்டும் சேர்ந்து 37 சதவீதம் கூடுதல் பவர். மின்னோட்டம் மட்டும் 22 சதவீதம் கூடும். அதன் வர்க்கம் 1.49. ஆக, சூடு ஒரு டிகிரிகூட ஏறாவிட்டாலும் கம்பியின் ஆயுள் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. ஆனால் சூடு ஏறாமல் இருக்காதே. கோர் 60 டிகிரியிலிருந்து 85-க்குப் போனால், இந்தக் கணக்குகளில் வழக்கமாகப் போடும் 0.7 எலெக்ட்ரான் வோல்ட் மதிப்பை (அணு நகரத் தேவையான ஆற்றல்) வைத்துப் பார்க்கும்போது தேய்மானம் இன்னும் ஐந்தரை மடங்கு வேகமாகிறது. எல்லாம் சேர்ந்து ஆயுள் எட்டில் ஒரு பங்கு. கொடுத்த வோல்டேஜைவிட அதனால் வந்த சூடுதான் அதிகம் சேதம் செய்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊருக்கு இது முக்கியம். வெளிநாட்டு ரிவ்யூக்களில் பெரும்பாலும் அறை 21, 23 டிகிரியில் இருக்கும். மே மாதத்துச் சென்னையில் ஏசி இல்லாத அறை 36-ஐத் தொடும். அங்கே 75 டிகிரி காட்டிய அதே சிப், அதே கூலரோடு இங்கே 89 காட்டும். மேலே போட்ட அதே கணக்கில், அந்த 14 டிகிரி மட்டுமே தேய்மானத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கும். அங்கிருந்து “பாதுகாப்பான வோல்டேஜ்” என்று வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாப் பழியையும் எலெக்ட்ரோமைக்ரேஷன் மேல் போடுவதும் சரியில்லை. “முன்பு 1.28 வோல்ட்டில் ஓடியது, இப்போது 1.31 கேட்கிறது” என்ற வகைத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் டிரான்சிஸ்டரே காரணம். டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான கேட்டில் வோல்டேஜ் நின்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் அதன் மின்காப்புப் படலத்திலும் படலத்தின் ஓரத்திலும் மின்னூட்டம் சிக்கிக்கொள்கிறது. அதனால் டிரான்சிஸ்டர் திறக்கத் தேவையான வோல்டேஜ் மெல்ல ஏறுகிறது. பயஸ் டெம்பரேச்சர் இன்ஸ்டெபிலிட்டி, சுருக்கமாக பிடிஐ, என்பது இதுதான். டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை மாறும்போதும் அதிக ஆற்றல் பெற்ற எலெக்ட்ரான்கள் படலத்துக்குள் பாய்ந்து உட்கார்ந்துகொள்வது ஹாட் கேரியர் இன்ஜெக்ஷன். இரண்டின் விளைவும் ஒன்றே: டிரான்சிஸ்டர் மெதுவாகிறது, பழைய வேகத்தில் ஓட்ட வோல்டேஜ் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டினால் தேய்மானம் இன்னும் வேகமாகிறது. படலமே துளைபட்டுப்போவது மூன்றாவது வகை. அது நடந்தால் கோர் அப்போதே போய்விடும்.

பிடிஐ-க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வோல்டேஜை எடுத்துவிட்டால் சேதத்தில் ஒரு பகுதி தானாகவே ஆறிவிடும். கம்ப்யூட்டரை ஒரு நாள் அணைத்து வைத்துவிட்டுச் சோதித்தால் சிப் நன்றாக இருப்பதுபோல் தெரியும், சில மணி நேரம் ஓடியபின் மறுபடி கிராஷ் ஆகும். “நேற்று நன்றாகத்தானே ஓடியது” என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் சாதாரணமாகப் பயன்படுத்துபவர்களின் சிப் ஏன் பத்து வருடம் ஓடுகிறது? அதுவும் தேயத்தான் செய்கிறது. தயாரிப்பாளர் ஒவ்வொரு ஃப்ரீக்வென்ஸிக்கும் உண்மையில் தேவைப்படுவதற்கு மேல் கொஞ்சம் வோல்டேஜை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறார். வருடக்கணக்கில் வரும் தேய்மானத்தை அந்த உபரி விழுங்கிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. ஓவர்க்ளாக் செய்பவர் முதல் நாளே அந்த உபரியை எடுத்து வேகமாக மாற்றிக்கொள்கிறார். 5 மில்லிவோல்ட் குறைத்தால் கிராஷ் ஆகும் விளிம்பில் செட் செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்து 10 மில்லிவோல்ட் அளவுக்குத் தேய்ந்தால் உடனே தெரிந்துவிடும். அதே 10 மில்லிவோல்ட் தேய்மானம், தயாரிப்பாளர் வைத்த அளவிலேயே ஓடும் ஸ்டாக் சிப்பில் யார் கண்ணிலும் படாது. “ஓவர்க்ளாக் செய்தேன், ஒரு வருடத்தில் சிப் கெட்டுப்போச்சு” என்று சொல்லப்படுபவற்றில் நிறைய இந்த வகைதான். சிப் சாகவில்லை, உபரி தீர்ந்துவிட்டது.

உண்மையிலேயே செத்த சிப்களும் உண்டு. 2002, 2003 வாக்கில் 130 நானோமீட்டர் நார்த்வுட் பென்டியம் 4-ஐ ஓவர்க்ளாக் செய்தவர்கள் 1.5 வோல்ட் சிப்புக்கு 1.7-க்கு மேல் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய 180 நானோமீட்டர் வில்லமெட் 1.7, 1.75 வோல்ட்டையே ஸ்டாக்காகக் கொண்டு ஓடிய சிப் என்பதால் யாருக்கும் பயமில்லை. வாரங்களிலும் மாதங்களிலும் சிப்கள் முன்னறிவிப்பில்லாமல் செத்தன. அதற்குத் “திடீர் நார்த்வுட் மரணம்” என்று பெயரே வைத்தார்கள். ஒரு தலைமுறையின் பாதுகாப்பான எண்ணை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டோடு கருகியது வேறு கதை. அது தேய்மானமே அல்ல. ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்போ ப்ரொஃபைலைப் போட்டதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (சிப்பின் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போவது) தாமாகவே மிக உயரத்துக்கு ஏற்றிவிட்டன. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டும் ஃபர்ம்வேரை வெளியிட்டது. ஏஎம்5 (இந்தச் சிப்களுக்கான சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்கள், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் முதலில் அதை அப்டேட் செய்துவிட்டு, எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 6000 வேக ரேமுக்குப் பெரும்பாலும் 1.2 முதல் 1.25 வரையே போதும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை

வோல்டேஜால் வரும் தேய்மானத்துக்கு நம் காலத்தின் மிகப் பெரிய சான்று இதுதான். ஓவர்க்ளாக்கே செய்யாதவர்களின் சிப்களும் இதில் தேய்ந்தன என்பதால் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2024 தொடக்கத்தில் ஐ9-13900கே, 14900கே வைத்திருந்தவர்களுக்கு அன்ரியல் எஞ்சின் கேம்களில் “வீடியோ மெமரி போதவில்லை” என்ற பிழைச்செய்தி வந்துகொண்டிருந்தது. 24 ஜிபி மெமரி உள்ள கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தவருக்கும் அதே செய்தி. பலர் கார்டை மாற்றினார்கள், ரேமை மாற்றினார்கள், விண்டோஸை மறுபடி போட்டார்கள். உண்மையில் ஷேடர்களை (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்கள்) விரித்தெடுக்கும் வேலையில் ப்ராசஸர் தப்பான விடையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் டேட்டா சிதைந்ததாகச் சொல்லும் சிஆர்சி பிழை வருவதும், கிராஃபிக்ஸ் டிரைவர் இன்ஸ்டால் பாதியில் முறிவதும் இதே நோயின் அறிகுறிகள். டேட்டாவை விரித்தெடுக்கும் வேலையில் ஒரு பிட் தவறினாலும் உடனே மாட்டிக்கொள்ளும் என்பதால் மற்ற எல்லாம் நன்றாக ஓடும்போதே இது மட்டும் முதலில் உடையும்.

2024 ஜூலையில் இன்டெல், சிப்பின் உள் நிரலான மைக்ரோகோட் தவறாக அதிக வோல்டேஜ் கேட்பதே காரணம் என்றது. செப்டம்பரில் முழு விளக்கம் வந்தது. தேய்ந்த இடம் கோருக்குள் க்ளாக் துடிப்பைப் பரப்பும் க்ளாக் ட்ரீ சர்க்யூட். அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து அந்த சர்க்யூட்டை முதுமையாக்க, க்ளாக் அலையின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்குமான நேர விகிதம் விலகிப்போகிறது. கோர் ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் மேலே நகர்கிறது.

இன்டெல் அடுக்கிய காரணங்களில் கடைசியாக இருந்ததுதான் எல்லோரும் கவனிக்க வேண்டியது: கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் லேசான வேலை செய்யும்போதும் மைக்ரோகோடும் பயாஸும் அதிக வோல்டேஜ் கேட்டன. எல்லாக் கோருக்கும் வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓட்டிப் பார்த்து “லோடில் 1.25 தான் காட்டுகிறது, பயமில்லை” என்று நிம்மதியடைந்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள். எல்லாக் கோரும் ஓடும்போது ஃப்ரீக்வென்ஸி குறைவு, வோல்டேஜும் குறைவு. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்தில் 14900கே-வின் இரண்டு கோர்கள் 6.0 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும். உச்ச வோல்டேஜ் அப்போதுதான் வரும்.

திருத்தங்கள் தவணை தவணையாக வந்தன. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி லேசான வேலையின்போது வரும் கோரிக்கைகளையும் கட்டியது. 2025 மே மாதம் வந்த 0எக்ஸ்12எஃப், நாள்கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் கம்ப்யூட்டர்களுக்கானது. எதுவும் ஏற்கெனவே தேய்ந்த சிப்பைச் சரிசெய்யாது. பெட்டியோடு விற்ற சிப்களுக்கு வாரண்டியை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டியிருக்கிறார்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

1.55 என்ற உச்சவரம்பு என் பார்வையில் இன்னும் அதிகம். பயாஸில் ஐஏ விஆர் வோல்டேஜ் லிமிட் என்ற செட்டிங் இருந்தால் 1400 முதல் 1450 மில்லிவோல்ட்டுக்குள் வையுங்கள். உச்ச பூஸ்ட்டில் 100, 200 மெகாஹெர்ட்ஸ் குறையலாம். நாள்தோறும் பயன்படுத்தும்போது அந்த வித்தியாசத்தை உணரவே முடியாது.

போர்டு சொல்லாமல் ஏற்றும் வோல்டேஜ்

பயாஸில் 1.35 என்று போட்டால் சிப்புக்கு 1.35 போகும் என்று நினைக்காதீர்கள். லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்க வேண்டும் என்றுதான் வடிவமைப்பே இருக்கிறது. ஆம்பியருக்கு எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்லும் லோட்லைன் 1.1 மில்லிஓம் என்றால் 150 ஆம்பியர் ஓடும்போது 165 மில்லிவோல்ட் இறங்கி, சிப்புக்குக் கிடைப்பது 1.185. இந்த இறக்கம் பிடிக்காமல் பலர், இறக்கத்தைக் குறைக்கும் லோட்லைன் காலிப்ரேஷனை உச்சத்தில் வைக்கிறார்கள். அப்போது முழு லோடிலும் 1.35 நிற்கும். வோல்டேஜின் வர்க்கத்தில் கணக்குப் போட்டால் அதுவே 30 சதவீதம் கூடுதல் பவர். அதைவிட மோசமானது லோடு சட்டென்று விலகும் கணம். மேலே தள்ளிக்கொண்டிருந்த ரெகுலேட்டர் உடனே நிற்காமல், வோல்டேஜ் சில மைக்ரோவினாடிகளுக்கு 1.35-ஐத் தாண்டி எகிறும். அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் இரண்டு வினாடிக்கு ஒரு முறைதான் அளவெடுப்பதால் அதில் இது தெரியவே தெரியாது. ஆசிலோஸ்கோப் வைத்தால்தான் தெரியும். காலிப்ரேஷனை நடு அளவில் விட்டு, தேவைப்பட்டால் செட் செய்யும் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதே சரியான வழி.

இன்டெல் போர்டுகளில் இன்னொரு வில்லங்கம் ஏசி லோட்லைன். “இத்தனை ஆம்பியர் ஓடினால் இவ்வளவு இறங்கும்” என்று சிப் முன்கூட்டியே கணக்கிட்டு அந்த அளவு கூட்டிக் கேட்பதற்கான மதிப்பு அது. போர்டின் உண்மையான இறக்கம் 0.4 மில்லிஓம் அளவில் இருந்து, ஏசி லோட்லைன் 1.1 என்று இருந்தால், 100 ஆம்பியருக்குச் சிப் 110 மில்லிவோல்ட் கூட்டிக் கேட்கும். இறங்குவதோ 40 தான். மீதி 70 மில்லிவோல்ட் காரணமே இல்லாமல் சிப்பின் மேல் உட்காரும், ஓவர்க்ளாக் என்று எதையும் நீங்கள் தொடாமலே. ஏசி லோட்லைனை 0.1 படியாகக் குறைத்து ஒவ்வொரு முறையும் சோதித்தால், எந்த வேகமும் இழக்காமல் பல சிப்களில் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் மிச்சமாகும்.

ரைசனில் நேரெதிரான தவறு நடக்கும். 3000 வரிசைச் சிப்கள் ஒற்றைக் கோர் பூஸ்ட்டில் 1.45, 1.5 காட்டுவதைப் பார்த்துப் பயந்துபோய் சிலர் எல்லாக் கோருக்கும் நிலையாக 1.4 போட்டுவிடுகிறார்கள். ஒரு கோர் மட்டும் சில மில்லிவினாடிகள் ஓடும்போது மின்னோட்டம் குறைவு. சிப்பே சூட்டையும் ஆம்பியரையும் பார்த்து அந்த 1.5-ஐ அனுமதிக்கிறது. பன்னிரண்டு கோரும் மணிக்கணக்கில் 1.4-ல் ஓடுவதுதான் சிப்பைத் தின்னும். கையால் வோல்டேஜ் வைத்த நொடியே சிப்பின் காவல் கணக்கு விலகிவிடுகிறது. அந்த வரிசைக்கு எல்லாக் கோர் ஓட்டத்தில் 1.325-க்குக் கீழ் என்று அனுபவஸ்தர்கள் வகுத்த எல்லை நியாயமானது. ரைசன் 5000-லும் அதற்குப் பிறகும் ஒவ்வொரு வேகத்துக்கும் கேட்கும் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10-ல் தொடங்கி, கோர் கோராக இறங்கிப் பாருங்கள். வோல்டேஜ் குறையும், சூடு குறையும், பூஸ்ட் கூடவும் செய்யும். அண்டர்வோல்ட்டால் சிப் தேயாது. அதிகபட்சம் கிராஷ் ஆகும், எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்.

தேய்ந்ததா என்று அளப்பது

சிப் புதிதாக இருக்கும்போதே ஓர் அளவு எடுத்து வைத்திருந்தால்தான் பின்னால் எதையும் நிரூபிக்க முடியும். பெர்ஃபாமன்ஸ் கோர்களை 50 மல்டிப்ளையரில் (5.0 கிகாஹெர்ட்ஸ்) கட்டுங்கள். வோல்டேஜை ஓவர்ரைடு (நிலையான) முறையில் 1.25-ல் வையுங்கள். காலிப்ரேஷன் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சினிபெஞ்ச் ஆர்23-ஐ பத்து நிமிடம் ஓட்டி, கடந்தால் 10 மில்லிவோல்ட் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். விழும் இடம் தெரிந்ததும் 10 கூட்டி, ஒய்-க்ரஞ்சர் என்ற கடுமையான சோதனையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அது கடந்த மிகக் குறைந்த வோல்டேஜையும், பயாஸ் பதிப்பையும், அறை வெப்பத்தையும், லோடில் காட்டிய கோர் சூட்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பயாஸ், அதே காலிப்ரேஷன், ஏறக்குறைய அதே அறை வெப்பத்தில் திரும்பச் செய்யுங்கள். 10 மில்லிவோல்ட் இங்கே அங்கே போவது அளவுப் பிழை. 20, 30 ஏறியிருந்தால் தேய்மானம் நிஜம். சிப் இரண்டு மணி நேரமாவது வேலை செய்த பிறகு சோதியுங்கள். மேலே சொன்ன பிடிஐ குணம் உங்களை ஏமாற்றாமல் இருக்க அது வேண்டும். இடையில் பயாஸ் அப்டேட் செய்திருந்தால் பழைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

எல்லாக் கோர் சோதனை மட்டும் போதாது. உச்ச பூஸ்ட்டுக்கு விண்டோஸ் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது சிப்பின் சிறந்த இரண்டு கோர்களைத்தான் என்பதால் அவைதான் பெரும்பாலும் முதலில் தேயும். கோர்சைக்ளர் போன்ற கருவியை இரவு முழுக்க ஓடவிட்டால் ஒவ்வொரு கோராகத் தனியே சோதித்து, எது தவறுகிறது என்று காட்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ-லாகர் பதிவுகளையும் பாருங்கள். பதிவின் எண் 19 என்றால் பிழை வந்து சிப்பே திருத்திக்கொண்டது, 18 என்றால் திருத்த முடியாமல் விழுந்தது. கிராஷ் ஆகாத கம்ப்யூட்டரில் 19 எண்ணிக்கை மாதா மாதம் ஏறுவது நல்ல அறிகுறி அல்ல.

தேய்ந்துவிட்டது என்று தெரிந்தால் வாரண்டி இருக்கும்வரை வோல்டேஜ் கூட்டிச் சமாளிக்க முயலாதீர்கள். நேராக மாற்றிக் கேளுங்கள். வாரண்டி போயிருந்தால் மல்டிப்ளையரை 57-லிருந்து 55-க்கும், போதாவிட்டால் 53-க்கும் இறக்குங்கள். அதோடு கேம் கிராஷ் நின்றுவிட்டால் நோய் ப்ராசஸரில்தான் என்பதும் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும்.

பழைய மார்க்கெட்டில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வருகிறது. வாங்கும் முன் விற்பவரின் கம்ப்யூட்டரிலேயே, பயாஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, 10 ஜிபிக்கு மேல் உள்ள ஒரு 7-ஜிப் ஃபைலை மூன்று முறை பிரித்துப் பாருங்கள். பிறகு ஒரு அன்ரியல் எஞ்சின் கேமைத் திறந்து ஷேடர் கம்பைல் முழுதாக முடிகிறதா என்று பாருங்கள். மல்டிப்ளையரை இறக்கி வைத்துக் காட்டினால் வாங்க வேண்டாம். வாரண்டி சரிபார்க்க சீரியல் எண்ணைத் தர மறுத்தாலும் வாங்க வேண்டாம்.